100 கிலோவுக்கு மேல் எடையா? என் சைக்கிள் பிரேம் விரிசல் விட்ட கதை

என் எடை 112 கிலோ, உயரம் ஆறடி. தினமும் காலையில் 20 கிலோமீட்டர் ஓட்டுவேன். மூன்று வருடம் ஓட்டிய அலுமினியப் பிரேம் போன மாதம் விரிசல் விட்டுவிட்டது.

முதலில் மிதிக்கும்போதெல்லாம் கிரீச் கிரீச் என்று சத்தம். பெடல், செயின் எல்லாம் கழற்றி கிரீஸ் போட்டும் நிற்கவில்லை. ஒருநாள் துடைக்கும்போதுதான் பார்த்தேன், சீட் குழாயும் மேல் பாரும் சேரும் இடத்தில் பெயின்டில் தலைமுடி மாதிரி ஒரு கோடு, நகத்தால் உரசினால் தட்டியது. எடை மட்டும் காரணமில்லை. பிரேம் எனக்குச் சின்னது, அதனால் சீட்டைத் தாங்கும் சீட் போஸ்டை, இதற்கு மேல் இழுக்கக்கூடாது என்று அதில் போட்டிருக்கும் கடைசிக் கோட்டையும் தாண்டி மேலே இழுத்து வைத்திருந்தேன். குழாய்க்குள் கொஞ்சம்தான் இருந்தது, ஒவ்வொரு பள்ளத்திலும் என் எடை முழுக்கக் கடப்பாரை போட்டு நெம்புவது போல அந்த ஒரே இடத்தை நெம்பியிருக்கிறது.

பட்டறையில் பற்றவைத்துத் தருகிறேன் என்றார்கள், நான் ஒத்துக்கொள்ளவில்லை. என்னுடையது 6061 என்ற அலுமினியக் கலவை. பற்றவைத்த சூட்டில் சுற்றியுள்ள இடம் பலம் இழந்துவிடும். தொழிற்சாலையில் அதன் பிறகு பிரேமை முழுசாகச் சூடேற்றிப் பதப்படுத்துவார்கள், பட்டறையில் அதற்கு வழி ஏது? தயவுசெய்து அப்படி ஒட்டவைத்த பிரேமில் யாரும் ஏறாதீர்கள்.

* * *

அண்ணா, எங்கள் அப்பா பால் ஊற்றியவர். பழைய 28 இஞ்ச் சைக்கிளில் இரண்டு பக்கமும் 20 லிட்டர் கேன், அப்புறம் அவர் எடை வேறு. பிரேமுக்கு ஒன்றும் ஆகவில்லை. பின் சக்கரத்தில் 40 கம்பி இருந்தும் அடிக்கடி அறுந்தது அந்தக் கம்பிதான், மாதம் ஒருமுறையாவது கோட்டம் எடுக்கணும். ஒருமுறை பள்ளத்தில் விழுந்து ஃபோர்க் வளைந்தது, வளைந்ததே தவிர உடையவில்லை, அதனால்தான் அவர் பல்லைக்கூட இழக்காமல் எழுந்து வந்தார். எனக்கு அன்றிலிருந்து ஸ்டீல் மேல்தான் நம்பிக்கை.

* * *

உண்மை தம்பி, நானும் இப்போது குரோமியம், மாலிப்டினம் கலந்த 4130 குரோமாலி ஸ்டீலுக்கு மாறிவிட்டேன். சாதா ஸ்டீலும் இதுவும் விறைப்பில் ஒன்றுதான், பலம் அதிகம் என்பதால் குழாயின் சுவரை மெல்லிசாக்க முடிகிறது, முனையில் 0.9 மில்லிமீட்டர், நடுவில் 0.6 என்று கூட வைக்கிறார்கள். அலுமினியம் மட்டம் என்று சொல்லவில்லை, பெரிய விட்டக் குழாயில் சரியான அளவில் கட்டினால் அதுவும் நன்றாகத் தாங்கும்.

வாங்கும்போது ஒன்று கேளுங்கள். 120 கிலோ வரை என்று போட்டிருந்தால் அது ஆளுக்கு மட்டுமா, சைக்கிளும் பையும் சேர்த்தா? சில கம்பெனிகள் எல்லாம் சேர்த்துத்தான் சொல்கின்றன. என் 112-உடன் 14 கிலோ சைக்கிளைக் கூட்டினால் அங்கேயே 126. பின் சக்கரத்தை 36 கம்பி வைத்துக் கட்டச் சொல்லியிருக்கிறேன், அடுத்த வாரம் வருகிறது.