கிருபையை அன்றாட வாழ்க்கையில் உணர்வது எப்படி? பெண்கள் ஐக்கியக் கூடுகைக்கு யோசனை வேண்டும்

ஆலங்குளத்து அக்கா:
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். எங்கள் சபையில் பெண்கள் ஐக்கியம் புதன்கிழமை சாயங்காலம் முக்கால் மணி நேரம் கூடும். அடுத்த 4 வாரத்துக்கும் தேவ கிருபையும் அன்பும்தான் தலைப்பு. வருகிறவர்களில் பாதிப்பேர் பீடி சுற்றுகிறவர்கள். "கிருபையால நிக்கோம்" என்று எல்லாரும் சொல்வார்கள். ஆனால் ஒரு நாள் காலை ஜெபம் தவறிவிட்டால், அன்றைக்குப் பால் பொங்கி வழிந்தாலும் ஆண்டவர் தண்டித்துவிட்டார் என்று பயப்படுகிறார்கள். தனியாக உட்கார நேரமும் இல்லை. "ஜெபிச்சா ஒண்ணுமே தோணலை" என்று அழுகிறவர்களும் உண்டு. பிரசங்கம் வேண்டாம், செய்துபார்க்கிற மாதிரி சொல்லுங்கள்.

ஊசிக்கோபுரம்:
அக்கா, முதல் வாரத்துக்கு லூக்கா 15, கெட்ட குமாரன் உவமை போதும். ஆனால் வழக்கமாகச் சொல்லுகிற மாதிரி கதையாகச் சொல்ல வேண்டாம். 19-ஆம் வசனத்தையும் 21-ஆம் வசனத்தையும் இரண்டு பேரை எழுப்பி அடுத்தடுத்துச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். இளைய மகன் வழியிலேயே யோசித்து வைத்த பேச்சில் ஒரு வரி, தகப்பன் முன்னால் வந்து நின்றபோது இல்லை. எந்த வரி என்று கேளுங்கள். "உம்முடைய கூலிக்காரரில் ஒருவனாக என்னை வைத்துக்கொள்ளும்" என்பதுதான் அது. அதைச் சொல்ல இடமே வரவில்லை. அடுத்த வசனத்தில் தகப்பன் வஸ்திரத்தையும் மோதிரத்தையும் பாதரட்சையையும் கொண்டுவரச் சொல்லிவிடுகிறார்.

பிறகு 29-ஆம் வசனம். மூத்தவன் வீட்டிலேயே இருந்தான், ஆனால் அவன் கணக்கும் கூலிக் கணக்குதான்: இத்தனை வருஷம் ஊழியஞ்செய்தேன், ஒரு ஆட்டுக்குட்டிகூடத் தரவில்லை. உங்கள் ஆட்கள் பயப்படுவதும் இதே கணக்கில்தான். அவர்களைக் குறை சொல்லவே கூடாது. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்றுதான் கையில் காசு வருகிறது, செக்கிங்கில், அதாவது சுற்றின பீடியைச் சரிபார்க்கிற இடத்தில், கழித்துப் போட்டதற்குக் கூலி இல்லை. வாரம் முழுக்க அப்படி வாழ்கிறவர்களுக்கு ஆண்டவரும் செக்கிங் மேசையில் உட்கார்ந்திருக்கிறவராகத் தெரிவது இயல்பு. எபேசியர் 2:8-ல் "இது தேவனுடைய ஈவு" என்று இருப்பதை அந்த இடத்தில் வையுங்கள். ஈவுக்குச் செக்கிங் கிடையாது. இதைச் சொல்லிவிட்டு ஒரு நிமிஷம் சும்மா இருங்கள், உடனே பாட்டு எடுக்க வேண்டாம்.

ஜெபம் தவறினால் தண்டனை என்ற பயத்துக்கு நான் சொல்லுவது இது: தவறிய ஜெபத்தை மறுநாள் சேர்த்து இரட்டிப்பாகச் செய்ய விடாதீர்கள். கடன் அடைக்கிற பழக்கம் அங்கேதான் தொடங்குகிறது. வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு ஆகாரமாகக் கிடைத்த மன்னாவும் அந்தந்த நாளுக்குரியதுதான் (யாத்திராகமம் 16). விட்டுப்போன நாளை விட்டுவிட்டு இன்றைக்கு உட்கார வேண்டியதுதான்.

பொருநைக்கரை:
அண்ணாச்சி சொன்னதோடு வேலை நேரத்துக்கு ஒரு முறை சேர்க்கிறேன். 25 பீடி ஒரு கட்டு, ஆயிரத்துக்கு 40 கட்டு. 40-க்கும் ஜெபம் என்று வைத்தால் இரண்டே நாளில் அது இன்னொரு கூலி வேலையாகிவிடும். 10 கட்டுக்கு ஒருமுறை, நூல் சுற்றி முடிக்கும்போது ஒரே வரி: "என் ஆத்துமாவே, கர்த்தரை ஸ்தோத்திரி, அவர் செய்த சகல உபகாரங்களையும் மறவாதே" (சங்கீதம் 103:2). ஆயிரம் சுற்றினால் 4 தடவைதான் வரும். பீடி சுற்றுகிற சுளகை (முறத்தை) மடியிலிருந்து இறக்க வேண்டாம், கண்ணை மூடவும் வேண்டாம். ஒரு வாரம் முழுக்க அதே வரி இருக்கட்டும். தினம் வசனம் மாற்றினால் மனசில் ஊறாது.

ராத்திரிக்கு 3 நன்றி. இதில் எல்லாரும் சறுக்குவது ஒரே இடத்தில்: "எல்லா நன்மைக்கும் ஸ்தோத்திரம்" என்று மொத்தமாகச் சொல்லிவிடுவார்கள். மொத்தமாகச் சொன்னால் எதுவும் கண்ணில் படாது. ஆள், நேரம், பொருள் மூன்றில் இரண்டாகிலும் இருக்க வேண்டும். "மதியம் பக்கத்து வீட்டு மதினி பிள்ளையைப் பிடிச்சுக்கிட்டா, நான் அரை மணி நேரம் படுத்தேன்" என்பது நன்றி. அன்பு யார் கை வழியாக வந்தது என்று அப்போதுதான் தெரியும். எழுதத் தெரியாதவர்களுக்கு ஒரு டம்ளரும் புளியங்கொட்டையும் போதும். வாயால் சொல்லிச் சொல்லி ஒவ்வொரு கொட்டையாகப் போடட்டும், 7 நாளைக்கு 21. புதன்கிழமை டம்ளரைக் கொண்டுவரச் சொல்லுங்கள். எத்தனை கொட்டை என்று மட்டும் எண்ணாதீர்கள், ஒருவர் ஒன்றை மட்டும் சொன்னால் போதும். எண்ண ஆரம்பித்தால் குறைவாய் வைத்திருக்கிறவள் அடுத்த வாரம் வரமாட்டாள்.

துக்கமோ வியாதியோ உள்ள வீட்டில் இதைக் கட்டாயப்படுத்தக் கூடாது. அவர்களுக்கு 13-ஆம் சங்கீதம் கொடுங்கள், 6 வசனம்தான். முதல் 2 வசனத்தில் 4 தடவை "எதுவரைக்கும்" என்று தாவீது கேட்கிறார். கேட்டு முடித்த பிறகுதான் 5-ஆம் வசனத்தில் "உம்முடைய கிருபையின்மேல் நம்பிக்கையாயிருக்கிறேன்" வருகிறது. முதல் 2 வசனத்திலேயே ஒரு மாதம் நிற்கிறவர்களை 5-க்கு இழுத்துக்கொண்டு போக வேண்டாம்.

பழைய சபை ஊழியர்:
"ஒண்ணுமே தோணலை" என்கிறவர்களைப் பற்றி. 1 இராஜாக்கள் 19-ஐ வரிசையாகப் பாருங்கள். எலியா தீர்க்கதரிசி சாக வேண்டும் என்று கேட்டுவிட்டுச் சூரைச்செடியின்கீழ் தூங்குகிறான். தூதன் தட்டியெழுப்பி அடையும் தண்ணீரும் காட்டுகிறான். சாப்பிட்டுத் திரும்பவும் படுக்கிறான். மறுபடி எழுப்பி, மறுபடி சாப்பாடு. "இங்கே உனக்கு என்ன காரியம்" என்ற கேள்வி 9-ஆம் வசனத்தில்தான் வருகிறது. முந்தின வசனங்களில் ஒரு கண்டிப்பும் இல்லை. ஆகவே ராத்திரி 11 மணி வரை பீடி சுற்றி 4 மணிக்குத் தண்ணீர் பிடிக்க எழும்புகிறவளுக்கு உபவாசத்தைச் சொல்லாதீர்கள். முதலில் சாப்பாடும் தூக்கமும். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் போய், எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால் மருத்துவரிடம் அழைத்துக்கொண்டு போங்கள். அதை அவிசுவாசம் என்று ஒருவரும் சொல்லக் கூடாது, சொல்ல விடவும் கூடாது.

குற்றமனதுக்கு: பாவ அறிக்கையைச் சுருக்கமாக, காரியத்தின் பேர் சொல்லிச் செய்ய வேண்டும். "நான் மகா பாவி" என்பது அல்ல. "இன்றைக்கு மாமியாரிடம் பொய் சொன்னேன்" என்பது. உடனே, அறிக்கையிட்டால் அவர் மன்னிப்பார் என்கிற 1 யோவான் 1:9-ஐச் சத்தமாக வாசித்து அங்கே நிறுத்திவிட வேண்டும். ஞாயிறு ஆராதனையிலும் அறிக்கைக்குப் பின் மன்னிப்பின் வார்த்தை வருகிறது, அதற்குப்பின் யாரும் திரும்ப அறிக்கைக்குப் போவதில்லை. வீட்டில்தான் அதே பாவத்தை 10 நாள் தொடர்ந்து சொல்கிறார்கள், மன்னிப்பை ஒருநாளும் வாசிப்பதில்லை. பொய் சொன்ன ஆளிடம் போய்ச் சரிசெய்வது தனி வேலை, அது மத்தேயு 5:23, 24. இரண்டையும் குழப்பக் கூடாது.

விளைக்காரன்:
கைப்பிடி அரிசிக் காணிக்கையை யாரும் சொல்லவில்லையே. கடைசி வாரத்துக்கு அது பொருத்தம். அரிசியை அளந்து உலையில் போடுமுன் ஒரு கைப்பிடி தனிப் பானையில். கைக்கு 40, 50 கிராம் வரும், ஒரு வேளைக்கு ஒன்று என்றால் மாதம் 1¼ கிலோவிலிருந்து 1½ கிலோ. பொங்கி மிஞ்சினதிலிருந்து அல்ல, முதலிலேயே எடுப்பதுதான் இதன் உயிர். வெள்ளாளன்விளையில் பிறந்து பிற்பாடு பேராயரான அசரியா முதலானவர்கள் 1903-ல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கித் தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கலுக்கு ஊழியரை அனுப்பினார்கள். நம்ம சபைகளின் காணிக்கைதான் அதைத் தாங்கியது. ஆனால் "அரிசி போடு, ஆசீர்வாதம் வரும்" என்று சொல்லிவிடாதீர்கள். அப்படிச் சொன்னால் ஊசிக்கோபுரம் அண்ணாச்சி முதல் வாரம் கட்டினதை நாலாம் வாரம் நாமே இடித்துவிடுவோம். "அவர் முந்தி நம்மிடத்தில் அன்புகூர்ந்தபடியால்" (1 யோவான் 4:19) என்பதிலிருந்து தொடங்குங்கள். பிள்ளைகளுக்கே சோறு பத்தாத வீட்டில் பானை வைக்கவே வேண்டாம், அந்த வீட்டுக்கு நம்ம பானையிலிருந்து போகட்டும். அதைப் பேர் சொல்லி அறிவிக்காமல் செய்ய வேண்டும்.

ஆலங்குளத்து அக்கா:
ரொம்ப ஸ்தோத்திரம். முதல் வாரம் லூக்கா 15, இரண்டாவது வாரம் கட்டு ஜெபமும் டம்ளரும், மூன்றாவது எலியாவும் 13-ஆம் சங்கீதமும், நாலாவது அரிசி. பாவ அறிக்கையைத் தனி வாரமாக வைக்காமல் ஒவ்வொரு வாரமும் 3 நிமிஷம் சேர்த்துக்கொள்கிறேன். ஒரு சந்தேகம்: அரிசிப் பானையில் மாதக் கடைசிக்குள் வண்டு விழுமே?

விளைக்காரன்:
மிளகாய் வத்தல் 4, காய்ந்த வேப்பிலை ஒரு கொத்து போடுங்கள். ஈரக்கையோடு அள்ளக் கூடாது, ஈரம் பட்டால் வண்டு சீக்கிரம் வரும். மழைக்காலத்தில் மாதம் முடியும்வரை காத்திருக்காமல் 15 நாளைக்கு ஒருமுறை சபைக் கோயிலில் கொட்டிவிடுங்கள்.

பொருநைக்கரை:
புளியங்கொட்டையையும் கழுவி 2 நாள் வெயிலில் போட்டுக் கொடுங்க அக்கா, சதை ஒட்டியிருந்தா எறும்பு வரும்.