ஜெம்பே தோல் கிழிந்த கணம்: பார்த்தவர்கள் எழுதுங்கள்

வளையம்:
கினியாவின் தலைநகர் கொனாக்ரியில் ஒரு பயிற்சிக் கொட்டகை. லெங்கே என்ற கெட்டி மரத்தில் குடைந்த ஜெம்பே (கையால் அடிக்கும் மேற்கு ஆப்பிரிக்க முரசு), புது ஆட்டுத்தோல். தோலை இறுக்கும் செங்குத்துக் கயிறு இழுத்தாகிவிட்டது. முடிச்சு இரண்டாம் வரிசைக்குப் போகும்போது ‘டப்’ என்று ஒரு சத்தம். தோலைப் பிடித்திருக்கும் வளையத்துக்கு மேலே, விளிம்பு ஓரமாக நாலு விரல் நீளத்துக்குத் தோல் பிளந்துவிட்டது. தோல் மட்டமானது என்று எல்லாரும் சொன்னார்கள். ஆனால் முந்தைய தோலும் அதே இடத்தில்தான் போயிருந்தது. விளிம்பைத் தடவினால் அங்கே மட்டும் கத்தி மாதிரி கூர். மேல்விளிம்பு உருண்டையாக இல்லாவிட்டால் எந்தத் தோலும் நிற்காது, அடிப்பவன் விரலும் தப்பாது.

வார்பிடி:
விளிம்பு மட்டும்தான் காரணம் என்று சொல்லாதீர்கள். ஈரத்தோடு முடிச்சு போட்டாலும் இப்படித்தான் பிளக்கும். தோலை ஒரு இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட வேண்டும். முதுகுத்தண்டுக் கோடு முரசு வாயின் நடுவில் ஓடுகிறதா என்று பார்த்துப் பொருத்துங்கள். கோடு விலகினால் ஒரு பக்கம் தடித்து, சுருதி இரண்டாகப் பிரியும். ஈரமாக இருக்கும்போது தொய்வு போகிற அளவுக்கு இழுத்தால் போதும். மேல்வளையம் சுற்றிலும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். ஒரு பக்கம் தாழ்ந்தால் பிறகு எவ்வளவு இழுத்தாலும் நிமிராது. பிறகு நிழலில் உலரவிடுங்கள், வெயிலே கூடாது. வளையத்துக்கு அடியில் மடிந்த தோல் கடைசியாகத்தான் காயும், அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் செங்குத்துக் கயிற்றை மறுபடி இழுங்கள், இரண்டு மூன்று சுற்று. கயிறு இனி அசையாது என்றானபின்தான் முடிச்சு: இரண்டு கயிற்றுக்கு அடியில் விட்டு, ஒன்றைச் சுற்றித் திரும்பி, இழு. ஹர்மத்தான் என்ற வறண்ட பாலைக்காற்று வீசும் மாதங்களில் தோல் தானாகவே இறுகும். அப்போது கடைசி வரிசையை அவிழ்த்து வையுங்கள்.

கங்கு:
நான் பார்த்தது நெருப்பில். ஊர்ப்புறத்தில் ஆட்டம் தொடங்குமுன் வைக்கோலைக் கொளுத்தி, பறையைக் காய்ச்சுவதுபோல ஜெம்பேயையும் காய்ச்சுவார்கள். ஒருவர் முரசின் வாயை அசைக்காமல் ஒரே இடத்தில் பிடித்திருந்தார். நடுவில் ஒரு வெளிர்ப்புள்ளி தோன்றியது. முதல் ‘ஸ்லாப்’ (கூர்மையாக ஒலிக்கும் கையடி) விழுந்ததும் அங்கிருந்தே கீறல் ஓடியது. புறங்கை தாங்காத சூடு தோலுக்கும் ஆகாது. வாயைச் சுழற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

சங்பன்:
எல்லாரும் ஜெம்பேயையே பேசுகிறீர்கள். ஜெம்பே கிழிந்தால் இன்னொன்று வரும், ஆட்டம் நிற்காது. கினியாவின் ஹமனா பகுதியில் டுண்டுன்பா என்ற ஆட்டம் ஒன்றில், சங்பன் என்ற குச்சிமுரசை வாசிப்பவர் கையிலிருந்து முரசோடு கட்டிய மணியை அடிக்கும் இரும்புக்கம்பி நழுவிவிட்டது. தோலில் குச்சி விழுந்துகொண்டுதான் இருந்தது, ஜெம்பே தனியாவர்த்தனமும் ஓடியது. ஆனாலும் வட்டத்தில் ஆடியவர்கள் காலடி அடுத்த சுற்றிலேயே கலைந்துவிட்டது. கென்கெனி (சிறியது), சங்பன் (நடுத்தரம்), டுண்டுன்பா (பெரியது; ஆட்டத்துக்கும் அதே பெயர்) என்ற மூன்று டுண்டுன் முரசுகளில் எந்தத் தாளம் என்று காட்டுவது சங்பன்தான். அதன் அடிகளுக்கு இடையிலுள்ள இடத்தை நிரப்புவது மணி. டுண்டுன் மூன்றையும் செங்குத்தாக நிற்கவைத்து ஒருவரே மணியில்லாமல் அடிக்கும் மேடைமுறையில் பழகியவர்களுக்கு இது பிடிபடாது. தாளம் கற்க வருபவர் ஜெம்பேயைத் தொடுமுன் சங்பனை மணியோடு சேர்த்து வாசிக்கட்டும்.

வளையம்:
வார்பிடி, உலர்த்தும் முறையில் சண்டையில்லை. அந்தத் தோல் முழுக்கக் காய்ந்திருந்தது. முதலில் அரம், பிறகு உப்புத்தாள். உட்பக்க விளிம்பையும் சேர்த்துத் தேய்த்துவிட்டு அடுத்த தோலை ஊறப்போடுங்கள்.