சிங்கப்பூர்ல இருந்துட்டு அன்னூர் சைட்டை விக்கறேன், டி.டி.எஸ் (வாங்கறவர் விலையிலயே வரி பிடிச்சுக் கட்டறது) பிடிக்கோணுமா?

நொய்யல்கரையான்:
வணக்கமுங்க. நான் சிங்கப்பூர்ல வேலைக்கு வந்து எட்டு வருசம் ஆச்சு. 2016 ஆவணியில அன்னூர் பக்கம் 28 லட்சத்துக்கு வாங்கின சைட்டு, இப்ப 40 லட்சத்துக்கு விலை முடிஞ்சிருக்குது. வாங்கறவர் சோமனூர்ல தறி ஓட்டறவர். "ஆதார்ல அவிநாசி விலாசந்தான இருக்குது, அப்பாவுக்கு பவர் (உங்களுக்குப் பதிலா கையெழுத்துப் போடற அதிகாரம்) குடுத்துருங்க, உள்ளூர்க்காரராட்டவே கிரயம் பண்ணிக்கலாம். 50 லட்சத்துக்குக் கீழ பிடித்தமே கிடையாது"ங்கறார் புரோக்கர். சரிதானுங்களா?

வாய்க்கால்மேடு:
சரிதான் தம்பி. மஸ்கட்ல இருந்தப்ப நானும் பெருந்துறையில இப்படித்தான் வித்தேன். இன்னிக்கு வரைக்கும் ஒரு கேள்வி இல்ல.

மஞ்சள்காடு:
தயவுசெஞ்சு அப்படிப் பண்ணாதீங்ணா. 50 லட்சக் கணக்கெல்லாம் இங்கயே குடியிருந்து விக்கறவங்களுக்கு. வெளிநாட்டுல இருக்கறவங்க வித்தா எத்தனை சின்னத் தொகைன்னாலும் வாங்கறவர் பிடிச்சுக் கட்டியே ஆகோணும். ஆதார் விலாசத்தை வெச்சு அதை முடிவு பண்றதில்ல, அந்த நிதியாண்டுல நீங்க இந்தியாவுல எத்தனை நாள் இருந்தீங்கங்கறதுதான் கணக்கு. பவர் அப்பா பேர்ல இருந்தாலும் விக்கறவர் நீங்கதான்.

பிடிக்காம உட்டா வரியும், மாசம் 1 சதவீத வட்டியும் வாங்கினவர் தலையில விழும். எங்கப்பா ஈரோட்டு மஞ்சள் மண்டியில கணக்கு எழுதிச் சேர்த்த காசுல ஒரு சைட்டு வாங்கினார். வித்தவர் வெளிநாட்டுல இருக்கறதைச் சொல்லவே இல்ல. நோட்டீஸ் எங்க ஊட்டுக்குத்தான் வந்துச்சு. அம்மா வளையலை அடகு வெச்சுக் கட்டினோம்.

வாய்க்கால்மேடு:
உங்கப்பாவுக்கு நடந்தது அநியாயம் அம்மிணி, ஒத்துக்கறேன். ஆனா தம்பி பக்கமும் பாருங்க. லாபம் 12 லட்சம், செஸ்ஸுங்கற கூடுதல் வரியும் சேர்த்து 13 சதவீதம்னா வரி 1.56 லட்சம். முழுத் தொகைக்கும் பிடிச்சா 5.2 லட்சம் போயிருது. மிச்சத்தை ரிட்டர்ன் போட்டு ரீஃபண்டு வாங்கறதுக்குள்ள வருசம் ஓடிரும். இதே சைட்டை உள்ளூர்க்காரன் வித்தா, வாங்கின விலையைப் பணவீக்கத்துக்குத் தக்கன ஏத்திக் கணக்கு போட்டுக்கலாம். 28 லட்சம் கிட்டத்தட்ட 40 லட்சமா ஏறி, வரியே வராது. 2024 ஜூலையில இருந்து அந்தச் சலுகை வெளிநாட்டுல இருக்கறவங்களுக்குக் கிடையாது. இது என்ன நியாயம்?

மஞ்சள்காடு:
அந்தச் சலுகை விசயத்துல நீங்க சொல்றது நியாயந்தானுங்ணா. அதுக்காக சோமனூர்க்காரர் எதுக்கு மாட்டோணும்? 5.2 லட்சம் முடங்காம இருக்க வழி இருக்குது. லாபக் கணக்கைக் காட்டி, குறைச்சுப் பிடிக்கறதுக்கான சர்டிபிகேட்டை வருமானவரித் துறைகிட்ட முன்கூட்டியே வாங்கிட்டா, அதுல போட்டிருக்கற அளவுக்குப் பிடிச்சாப் போதும். ஆன்லைன்லயே விண்ணப்பிக்கலாம்.

வாய்க்கால்மேடு:
அது வர்ற வரைக்கும் வாங்கறவர் காத்திருக்கோணுமே. அதுக்குள்ள வேற சைட்டைப் பாத்துட்டார்னா?

நொய்யல்கரையான்:
நான் சிங்கப்பூர்ல சம்பளத்துக்கு வரி கட்டறனே, அதை இதுல கழிச்சுக்க முடியாதுங்களா? போன வாரம் 2 லட்சம் அட்வான்ஸ் வேற வாங்கியாச்சு.

மஞ்சள்காடு:
முடியாதுங்ணா. அது சம்பளத்துக்குக் கட்டற வரி. இது இந்தியாவுல இருக்கற சொத்து, இரட்டை வரி ஒப்பந்தப்படியே இதோட லாபத்துக்கு இந்தியா வரி போடலாம். அட்வான்ஸ்லயும் பிடிச்சிருக்கோணும். இன்னிக்கே அவர்கிட்டப் பேசிருங்க. கிரயப் பணமும் உங்க என்.ஆர்.ஓ கணக்குக்கே (வெளிநாட்டுல இருக்கறவங்க இந்திய வருமானத்தைப் போடற பேங்க் கணக்கு) வரட்டும்.

நொய்யல்கரையான்:
பேசிட்டனுங்க. நான் வெளிநாட்டுல இருக்கறதே அவருக்குத் தெரியாதாமா, புரோக்கர் சொல்லலையாம். ரண்டு மாசம் பொறுத்துக்கறேன்னுட்டார். நாளைக்கு ஆடிட்டர்கிட்ட 2016 பத்திர நகலை அனுப்பறேன்.