டெங்கு வைரஸ் தன்னோட ஆர்என்ஏவை யாரோட மெஷின்ல காப்பி எடுக்குது? பொண்ணு கேட்ட கேள்வி

ப்ளஸ்டூ_அம்மா:
எல்லாருக்கும் வணக்கம். நான் பி.காம், பயாலஜி பத்தாவதோட போச்சு. பொண்ணு ப்ளஸ் டூ படிக்கிறா. நேத்து ராத்திரி புக்கை மடியில கவுத்து வச்சுக்கிட்டு கேக்குறா, "வைரஸ் நம்ம செல்லோட சாமான வச்சே பெருகுதுன்னு போட்டிருக்கும்மா, ஆனா நம்ம செல்லுக்கு டிஎன்ஏவைப் பாத்து டிஎன்ஏ எழுதத் தெரியும், டிஎன்ஏவைப் பாத்து ஆர்என்ஏ எழுதத் தெரியும், டெங்குகிட்ட ஆர்என்ஏ மட்டும்தானே இருக்கு, ஆர்என்ஏவைப் பாத்து ஆர்என்ஏ எழுதுறது யாரு?"ன்னு. எனக்குப் பதில் தெரியல. நல்ல கேள்வின்னு மட்டும் தெரிஞ்சுது, அதான் இங்க வந்தேன்.

லேப்ல_இருக்கேன்:
அக்கா, பொண்ணுகிட்ட சொல்லுங்க, அவ சந்தேகம் நூத்துக்கு நூறு சரி. வைரஸோட ஆர்என்ஏவைப் பாத்து முழுசா ஆர்என்ஏ எழுதற மெஷின் நம்ம செல்லுல கிடையாது. அந்த ஒரு மெஷினை வைரஸ்தான் ஏற்பாடு பண்ணிக்கணும்.

டெங்கு பண்றது இதான். அதோட ஆர்என்ஏ சுமார் 10,700 எழுத்து நீளம், நம்ம எம்ஆர்என்ஏ (புரதம் செய்யக் குறிப்பு கொண்டு போற ஆர்என்ஏ) இருக்கற அதே திசையில எழுதியிருக்கும், அதனால உள்ள நுழைஞ்ச உடனே, புரதம் செய்யற நம்ம ரைபோசோம் அதை நம்மளோடதுன்னே நெனச்சு படிக்க ஆரம்பிச்சுடும், படிச்சு ஒரே நீளமான புரதமா, 3,400 அமினோ அமிலம் கிட்ட, இழுத்து வச்சுடும். அப்புறம் அதை வெட்டினா பத்து புரதம். அதுல கடைசித் துண்டு பேரு என்எஸ்5, அதுதான் பொண்ணு தேடற ஆளு, ஆர்என்ஏவைப் பாத்து ஆர்என்ஏ எழுதற பாலிமரேஸ். அதாவது முதல்ல சமையல் குறிப்பு மட்டும்தான் உள்ள வருது, அடுப்பை நம்ம செல்லே கட்டிக் குடுக்குது.

அந்த மெஷின் முதல்ல எதிர்த்திசையில ஒரு இழை எழுதும், அந்த எதிர் இழையை அச்சா வச்சுக்கிட்டு அசல் இழைகளை நெறைய எழுதித் தள்ளும். எங்க நடக்குதுங்கறதும் முக்கியம். செல்லுக்குள்ள இருக்கற சவ்வை உள்பக்கமா குழிச்சு சின்னச் சின்னப் பையாக்கி அதுக்குள்ளதான் இந்த வேலை, ஏன்னா ரெண்டு இழை ஜோடியா சேர்ந்த நீள ஆர்என்ஏ கண்ணுல பட்டா நம்ம செல் உடனே எதிரின்னு அலாரம் அடிச்சுடும். எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் படத்துல அந்தப் பைங்களை முதல் தடவை பாத்தப்போ எனக்குப் புல்லரிச்சுது.

விலங்கியல்_டீச்சர்:
தம்பி நல்லா சொன்னாரு. ஃப்ளூ வைரஸையும் பக்கத்துல வச்சுப் பாக்கச் சொல்லுங்கம்மா, அப்பத்தான் பாடம் முழுசாகும். அதோட ஆர்என்ஏ எட்டுத் துண்டா இருக்கும், எல்லாமே எதிர்த்திசை, நம்ம ரைபோசோமுக்குப் படிக்கவே வராது. அப்ப மெஷினை உள்ள வந்து கட்டிக்கலாம்னு இருந்தா காரியம் நடக்குமா? அதனால ஒவ்வொரு துண்டோடயும் ஒரு பாலிமரேஸைக் கட்டிக்கிட்டே வருது. இன்னொன்னு, எம்ஆர்என்ஏ தலையில ஒரு தொப்பி இருக்கும், அது இருந்தாத்தான் ரைபோசோம் ஒழுங்கா சேத்துக்கும். ஃப்ளூவுக்கு அந்தத் தொப்பி செய்யத் தெரியாது, நம்ம எம்ஆர்என்ஏ தலையைத் தொப்பியோட ஒரு பத்துப் பன்னண்டு எழுத்து வெட்டி எடுத்துத் தன்னோடதுல ஒட்டிக்குது. இதுக்காகவே அது, நம்ம எம்ஆர்என்ஏ உருவாகற இடமான நியூக்ளியஸ் வரைக்கும் போகுது.

பிள்ளைங்க "ஆர்என்ஏ வைரஸ்னா காப்பி எடுக்கறது சைட்டோபிளாசத்துல (நியூக்ளியஸுக்கு வெளிய), டிஎன்ஏ வைரஸ்னா நியூக்ளியஸ்ல"னு மனப்பாடம் பண்ணி வச்சிருக்காங்க. ஃப்ளூவுக்கு அது பொருந்தாது, பெரியம்மை வைரஸ் டிஎன்ஏவா இருந்தும் சைட்டோபிளாசத்துலயே வேலையை முடிச்சுக்கும். எச்ஐவி வேற மாதிரி, ஆர்என்ஏவை டிஎன்ஏவா மாத்தி நம்ம டிஎன்ஏவுக்குள்ளயே தச்சுடும். அப்படி மாத்துற என்சைமை 1970ல டெமினும் பால்டிமோரும் தனித்தனியா கண்டுபிடிச்சாங்க, 1975ல நோபல் கிடைச்சுது.

ப்ளஸ்டூ_அம்மா:
ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி, அவளை உக்கார வச்சு படிச்சுக் காட்டினேன், தொப்பி வெட்டற இடத்தை ரெண்டு தடவை படிக்கச் சொன்னா. இன்னொரு சந்தேகம், இது என்னோடது. எங்கம்மாவுக்கு 64 வயசு, இடுப்புல ஒரு பக்கமா அக்கி வந்து ராத்திரியெல்லாம் எரிச்சல்ல தூங்கல. டாக்டர் அசைக்ளோவிர் ஒரு நாளைக்கு அஞ்சு தடவை குடுத்திருக்காரு. வைரஸ் நம்ம செல்லுக்குள்ளதானே காப்பி எடுக்குது, அதை நிறுத்தற மாத்திரை நம்ம செல்லையும் நிறுத்தாதா?

லேப்ல_இருக்கேன்:
அக்கா, பயப்படாதீங்க, அந்த மருந்து ரொம்ப பக்குவமான வேலை. அசைக்ளோவிர் பாக்கறதுக்கு டிஎன்ஏவோட ஜி எழுத்து மாதிரியே இருக்கும், ஆனா அடுத்த எழுத்தைக் கோக்கற கொக்கி இருக்காது. காப்பி எடுக்கும்போது இது உள்ள போயி உக்காந்துச்சுன்னா அதோட சங்கிலி நின்னுடும். ஆனா மாத்திரையா முழுங்கும்போது அது தூங்கிட்டு இருக்கற நிலைமைலதான் இருக்கும், எழுப்பணும்னா அதுல மூணு பாஸ்பேட் மாட்டணும், முதலாவதை மாட்டற வேலையை அக்கி வைரஸோட என்சைம்தான் நல்லா செய்யும். மீதி ரெண்டு பாஸ்பேட்டை நம்ம செல் மாட்டிடும். அதனால வைரஸ் வேலை செய்யற செல்லுலதான் மருந்து பெரும்பாலும் முழிச்சுக்கும். இதை உருவாக்கின குழுவை நடத்தின கெர்ட்ரூட் எலியனுக்கு 1988ல நோபல் குடுத்தாங்க.

அம்மாவுக்குச் சின்ன வயசுல சின்னம்மை போட்டிருக்குமே, கேட்டுப் பாருங்க. அதே வைரஸ்தான் இது.

ப்ளஸ்டூ_அம்மா:
கேட்டேன் தம்பி. எட்டு வயசுல போட்டுச்சாம், வேப்பிலையில படுக்க வச்சாங்களாம். அம்பத்தாறு வருஷமா உடம்புக்குள்ளயேவா இருந்துச்சு?

லேப்ல_இருக்கேன்:
ஆமாக்கா, முதுகெலும்பு ஓரமா இருக்கற நரம்பு முடிச்சுல, காப்பி எடுக்காம சும்மா டிஎன்ஏவா கிடந்திருக்கும். காப்பி எடுக்காதபோது இந்த மாத்திரைக்கு அங்க வேலையே இல்ல, அதனால அங்க தூங்கறதை இது அழிக்காது. இப்ப முழிச்சுக்கிட்டு பெருகுறதை நிறுத்தும், அவ்வளவுதான். அஞ்சு வேளையையும் விடாம குடுங்க, தண்ணி நெறைய குடிக்கச் சொல்லுங்க, கண்ணு பக்கம் கொப்புளம் வந்தா அன்னிக்கே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க.