சுகர் உள்ள பெரியவர்களுக்கு ராத்திரி வேர்வை: எங்கள் வீட்டு அனுபவம், உங்களுடையதையும் எழுதுங்கள்

என் அம்மாவுக்கு 76 வயது. சர்க்கரை வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. போன கோடையில் ராத்திரி இரண்டு, மூன்று மணி வாக்கில் அவருக்கு வேர்த்துக் கொட்ட ஆரம்பித்தது. நைட்டியும் தலையணை உறையும் பிழிகிற அளவுக்கு நனைந்துவிடும். மதுரைப் பக்கம், சித்திரை மாதம், மேலே கான்கிரீட் கூரை. வெக்கைதான் என்றார்கள் சொந்தக்காரர்கள். ஆனால் அதே அறையில் படுத்திருந்த எனக்கு அப்படி வேர்க்கவில்லை. அம்மாவின் நெற்றியைத் தொட்டால் சில்லென்று இருந்தது. அதுதான் எனக்கு இடித்தது, சர்க்கரை இறங்குகிறதோ என்று.

காலையில் வெறும் வயிற்றில் பார்த்தால் 150, 160 என்று காட்டும். "இவ்வளவு இருக்கும்போது லோ சுகர் எப்படி வரும்?" என்று கேட்டவர்கள் உண்டு. பக்கத்துத் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற நர்ஸ் அக்காதான், "வேர்க்கிற அந்த நிமிஷமே குத்திப் பாரு தம்பி, காலையில் பார்க்கிறது காலைக் கணக்குதான்" என்றார். அடுத்த தடவை வேர்த்தபோது எழுந்து குத்தினேன். 52. எழுபதுக்குக் கீழே போனாலே தாழ்சர்க்கரை. 54-க்கும் கீழே என்றால் உடனே கவனிக்க வேண்டிய நிலை.

மருத்துவர் சீட்டைப் பார்த்ததும் கிளிமிபிரைடு என்ற சர்க்கரை மாத்திரையில்தான் கண்ணை நிறுத்தினார். அந்த மாத்திரை கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும். சாப்பிட்டோமா இல்லையா என்று பார்க்காது. வயதாகிச் சிறுநீரகம் மந்தமானால் அதன் வேகம் உடம்பில் நீண்ட நேரம் நிற்கும். அம்மாவுக்குச் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் கூடியிருந்தது. ராத்திரிச் சாப்பாடோ ஏழு மணிக்கே இரண்டு இட்லி. அதே வகை மாத்திரையான கிளிபென்கிளமைடு இன்னும் நீண்ட நேரம் வேலை செய்வது, வயதானவர்களுக்கு வேண்டாம் என்றே சொல்கிறார்கள். பழைய சீட்டையே வைத்து அதை வாங்கிக்கொண்டிருக்கும் பெரியவர் உங்கள் வீட்டில் இருந்தால் தயவுசெய்து மருத்துவரிடம் காட்டுங்கள். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

படபடப்பும் கைநடுக்கமும் ஏன் இல்லை என்று கேட்டேன். அம்மா பிரஷருக்கு அட்டெனலால் சாப்பிடுகிறார். அது படபடப்பையும் நடுக்கத்தையும் அமுக்கிவிடும், வேர்வையை அமுக்காது. அம்மாவின் உடம்பு தந்த ஒரே எச்சரிக்கை அந்த வேர்வைதான். அதைப் போய் ஃபேன் போதவில்லை என்று தள்ளிவிடலாமா?

இன்னொன்று. அவர் வோக்லிபோஸும் சாப்பிட்டுவந்தார். அது வீட்டுச் சர்க்கரை குடலில் உடைவதைத் தாமதப்படுத்தும். அதனால் லோ ஆகும்போது சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தால் சீக்கிரம் ஏறாது. மருந்துக்கடையில் விற்கும் குளுக்கோஸ் பொடிதான் வேண்டும். 15 கிராம், அதாவது மூன்று டீஸ்பூன் அளவு, தண்ணீரில் கலந்து கொடுத்து, 15 நிமிஷம் கழித்து மறுபடி குத்திப் பார்க்கச் சொன்னார் மருத்துவர். எழுபதுக்கு மேல் வந்த பிறகு இரண்டு பிஸ்கட்டாவது சாப்பிட வேண்டும்.

கிளிமிபிரைடை எடுத்துவிட்டு லினாகிளிப்டின் என்ற வேறு சர்க்கரை மாத்திரை எழுதினார். "இந்த வயதில் மூன்று மாதச் சராசரியை (HbA1c சதவீதம்) ஏழுக்குக் கீழே கொண்டுவரத் துரத்த வேண்டாம், எட்டை ஒட்டி இருந்தால் போதும்" என்றார். அதன் பிறகு ராத்திரி வேர்வை நின்றது.

கோவை மருமகள்:
அண்ணா, எங்கள் மாமனார் ராத்திரி 30/70 கலப்பு இன்சுலின் ஊசி போடுகிறவர். வேர்வையோடு தூக்கத்தில் கத்துவார், எழுப்பினால் ஆளைத் தெரியாமல் பேசுவார், காலையில் தலைவலி. காத்துக் கருப்பு, மந்திரித்துக் கூட்டிவா என்று பெரியத்தை சொன்னார்கள். மருத்துவர் கைமேல் ஒட்டும் சென்சாரை 14 நாளுக்குப் போட்டார். ராத்திரி இறங்குவது கோடாகவே தெரிந்தது. ஊசியின் அளவைக் குறைத்ததும் கத்தலும் நின்றது. ஒன்று மட்டும் சொல்கிறேன்: சென்சார் ஒட்டிய கைமேலேயே படுத்தால் அழுத்தத்தில் பொய்யாகக் குறைத்துக் காட்டும். விரலில் குத்தி ஒரு தடவை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

தஞ்சாவூர் மகன்:
நீங்கள் சொன்னபடி வேர்க்கும்போதே என் அப்பாவுக்குக் குத்திப் பார்த்தோம். 180-க்கு மேல். அப்படியானால் காரணம் வேறு. சாயங்காலம் லேசாகக் காய்ச்சல், பசி இல்லை, வேட்டி இடுப்பில் நிற்காத அளவுக்கு மெலிந்துவிட்டார். இருமல் ரொம்ப இல்லை, அதனால் யாருக்கும் தோன்றவில்லை. அரசு மருத்துவமனையில் சளியும் எக்ஸ்ரேயும் பார்த்ததில் காசநோய். சர்க்கரை உள்ளவர்களுக்கு அது வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டு மூன்று மடங்கு என்று அங்கேதான் சொன்னார்கள். பரிசோதனையும் ஆறு மாத மருந்தும் இலவசம். அந்த மருந்துகளில் ஒன்றான ரிஃபாம்பிசின் சில சர்க்கரை மாத்திரைகளின் பலனைக் குறைக்கும் என்பதால் சிகிச்சை முடியும்வரை இன்சுலினுக்கு மாற்றினார்கள். ராத்திரி வேர்வையும் மெலிவும் சேர்ந்து வந்தால் வெட்கப்படாமல் போய்ப் பாருங்கள், மறைக்கிற நோய் இல்லை அது.

சென்னை வாசகி:
என் அம்மாவுக்குச் சாப்பிடும்போதுதான் முகமும் கழுத்தும் வேர்க்கும், ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு அதிகம். பாதம் மட்டும் வறண்டு வெடித்திருக்கும். சர்க்கரையால் நரம்பு பாதித்ததன் அடையாளம் என்றார்கள். அப்பாவுக்கு நடந்தது வேறு. ஒரே ஒரு ராத்திரி, திடீரென்று குளிர்ந்த வேர்வை, மூச்சுவாங்கல், நெஞ்சுவலி துளியும் இல்லை. சுகர் 210. உடனே 108-ஐக் கூப்பிட்டோம். இசிஜியில் மாரடைப்பு. சர்க்கரைக்காரர்களுக்கு வலியில்லாமலும் வரும். நல்லவேளையாக நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம்.

மறுபடி நான்:
சென்னை அக்கா, அப்பா இப்போது நலம்தானே? நீங்கள் எழுதியதை எல்லோரும் படிக்க வேண்டும். தைராய்டு கூடினாலும் வேர்க்கும், மன அழுத்தத்துக்குத் தரும் செர்ட்ரலின் போன்ற மாத்திரைகளாலும் வேர்க்கும். அதனால் வேர்த்த நேரம், அப்போது மீட்டர் காட்டிய எண், காய்ச்சல் உண்டா, அன்று என்ன சாப்பிட்டார், புதிதாக ஏதாவது மாத்திரை ஆரம்பித்தாரா, இவற்றைத் தேதி போட்டு எழுதிக்கொண்டு போங்கள். ஆன்டிபயாடிக்கையும் சேர்த்து எழுதுங்கள். லெவோஃப்ளாக்சசின் மாதிரி சிலது சர்க்கரையை இறக்கும்.

தனிச்செய்தியில் கேட்டவர்களுக்கு: நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும். ஒருபக்கமாகச் சாய்த்துப் படுக்கவைத்து 108-ஐக் கூப்பிடுங்கள். மாத்திரையால் லோ ஆனவருக்கு ஏறிய பிறகும் மறுபடி இறங்கலாம், அதனால் தெளிந்துவிட்டார் என்று வீட்டிலேயே வைத்துக்கொள்ளாமல் மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். குளுக்கோஸ் பொடியைத் தொட்ட கையோடு குத்தினால் மீட்டர் கூட்டிக் காட்டும். அவர் விரலைக் கழுவித் துடைத்துவிட்டுக் குத்துங்கள்.