கடைக்குக் கிஃப்ட் கார்டு அடிக்கணும், டிசைன் எப்படி இருக்கலாம்?

கீழக்கரைக் கடைக்காரி:
ஓலைக்கொட்டானும் கருப்பட்டியும் விற்கிற சின்னக் கடை. வெளிநாட்டில் இருக்கிறவர்கள் பெருநாளுக்கு ஊரில் உள்ள சொந்தங்களுக்குக் கொடுக்கக் கார்டு கேட்கிறார்கள், 500, 1000 ரூபாய்க்கு அடிக்கலாம் என்று இருக்கிறேன். டிசைன் சொல்லுங்கள். ரிசர்வ் வங்கி அனுமதி வேண்டுமா?

அச்சகத் தம்பி, ராமநாதபுரம்:
ஏடிஎம் கார்டு அளவே போதும் அக்கா, 85.6க்கு 54 மில்லிமீட்டர், பர்ஸில் அடங்கும். நாலு பக்கமும் 3 மில்லிமீட்டர் படத்தைக் கூடுதலாக விடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் வெட்டும்போது ஓரத்தில் வெள்ளைக் கோடு விழும். முன்பக்கம் கொட்டானின் பின்னலையே கிட்டத்தில் படமெடுத்துப் போடுங்கள், சாயம் ஏறிய அந்த ஓலையே அவ்வளவு அழகு, மேலே பூ, ரிப்பன் எதுவும் வேண்டாம். நம்ம கடற்கரை ஈரக்காற்றுக்கு மேட் லேமினேஷன், அதாவது பளபளக்காத மெல்லிய பிளாஸ்டிக் படலம், அவசியம். ஆனால் பின்பக்கம் வேண்டாம், பெயர் எழுதினால் பேனா மை அப்பிக்கொள்ளும்.

மண்டபம் பேக்கரி:
உங்கள் கடையில் மட்டும் செல்லும், பணமாகத் திருப்பித் தரமாட்டீர்கள் என்றால் ரிசர்வ் வங்கி அனுமதி தேவையில்லை. வரிசை எண் கட்டாயம் போடுங்கள், விற்றதும் நோட்டில் குறித்துவிடுங்கள், கலர் ஜெராக்ஸ் எடுத்து யாராவது வந்தால் அதுதான் காப்பாற்றும். அப்புறம் கடைசித் தேதியைப் பொடி எழுத்தில் ஒளிக்காதீர்கள், வயசானவர்கள் கண்ணுக்குத் தெரியணும்.

கீழக்கரைக் கடைக்காரி:
சரி தம்பி, 100 கார்டு அடிக்க எவ்வளவு ஆகும்?