கோமாரி ஊசி போட்ட இடத்துல கட்டி: மருந்து சேரலையா?

வலங்கைமான் மாட்டுக்காரன்:
எங்க ஜெர்சி கலப்புப் பசுவுக்குச் செவ்வாய்க்கிழமை கோமாரி தடுப்பூசி போட்டாங்க. மறுநாளே கழுத்துல எலுமிச்சங்காய் அளவுக்குக் கட்டி. தொட்டா உதறுது. காலையில சொசைட்டிக்கு ஊத்துற பால் ரெண்டு லிட்டர் குறைஞ்சுபோச்சு. வீங்குனா மருந்து உடம்புல சேரலைன்னு அம்மா சொல்றாங்க. வீட்டுல ஸ்டீராய்டு ஊசி ஒண்ணு மிச்சம் இருக்கு. வீக்கம் வடிய அதைப் போட்டுடலாமா?

ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர், மன்னார்குடி:
வேண்டாம் தம்பி, தொடாதீங்க! சினையா இருந்தா ஸ்டீராய்டு கன்னு வீசவே வச்சுடும். இல்லைன்னாலும் போட்ட தடுப்பூசியை அமுக்கிடும்.

ஊசியில இருக்குறது செயலிழக்க வச்ச வைரஸ். அதை மட்டும் உள்ள விட்டா உடம்பு அவ்வளவா சட்டை பண்ணாது. அதனாலதான் எண்ணெயோட கலந்து பால் மாதிரி வெள்ளையா வருது. எண்ணெய் உறுத்துறதாலதான் வீக்கம். உடனே ரத்தத்துலேர்ந்து வெள்ளை அணுக்கள் வந்து குவியும்: முதல்ல நியூட்ரோபில், பின்னாடியே மோனோசைட். அங்க காவல் இருக்குற டென்ட்ரைட்டிக் செல் வைரஸ் துண்டை விழுங்கி, எதிர்ப்புச் செல்கள் கூடியிருக்குற நிணநீர்க் கணுவுக்குக் கொண்டுபோகும். அழற்சியால உசுப்பேறின செல் கொண்டுவந்து காட்டினாத்தான் அங்க இருக்குற டி செல்ங்கிற எதிர்ப்புச் செல் எழுந்திருக்கும். அது கைகொடுத்தா பி செல் பெருகி, பிளாஸ்மா செல்லா மாறி, வைரஸைத் தடுக்குற புரதமான ஆன்டிபாடியைச் சுரக்கும். அதனால வீங்குனா மருந்து சேரலைன்னு அர்த்தம் இல்ல.

கணுவை நீங்களே பாக்கலாம். ஊசி போட்ட பக்கம், தோள்பட்டைக்கு முன்னாடி விரலை அழுத்தித் தடவுங்க. தோலுக்கு அடியில நீளவாக்குல நழுவும்.

அதுக்காகக் கட்டி பெருசானா ஆன்டிபாடியும் நிறையன்னு கணக்குப் போடாதீங்க. குடற்புழு, நாள்பட்ட நோவுன்னு உடம்பு ஏற்கெனவே அல்லாடுற மாட்டுக்கு ஆன்டிபாடி குறைச்சலாத்தான் வரும். நான் வேலை பாத்த ஊர்கள்ல வாய்க்கால் ஓரமா ஈரப்புல் மேயுற மாடுகளுக்கு எப்பவும் முதல்ல புழு மருந்து, அப்புறந்தான் ஊசி. பால் ரெண்டு மூணு நாள்ல ஏறிடும். கட்டி சூடாகி சீழ் வச்சாலோ, தீனி எடுக்காம நின்னாலோ டாக்டரைக் கூப்பிடுங்க.

கும்பகோணம் நர்ஸ்:
அழற்சியை அமுக்குனா தடுப்பூசியும் அமுங்கும்னு ஐயா சொல்றது மனுஷக் குழந்தைக்கும் பொருந்தும். செக் நாட்டுல 459 குழந்தைகளை வச்சு நடத்தின ஆய்வு 2009-ல வெளியாச்சு. காய்ச்சல் வரும் முன்னாடியே பாராசிட்டமால் கொடுத்த குழந்தைகளுக்குக் காய்ச்சல் குறைஞ்சுது, ஆனா பல தடுப்பூசிகளுக்கு ஆன்டிபாடியும் குறைஞ்சுது. காய்ச்சல் வந்து குழந்தை சிணுங்கினா கொடுங்க, முன்கூட்டியே ஊத்தாதீங்க.

வலங்கைமான் மாட்டுக்காரன்:
தடவிப் பாத்தேன் ஐயா, கணு கையில தட்டுப்பட்டுச்சு! அந்தப் பக்கத்தை விட இந்தப் பக்கம் தடிப்பா இருக்கு. அம்மாவையும் தொட்டுப் பாக்கச் சொன்னேன். நாலு மாசக் கன்னு ஒண்ணு ஊசி போடாம நிக்குது. நாளைக்கு அதுக்குப் புழு மருந்து வாங்கிட்டு வர்றேன்.